சந்தனம் வைத்த நட்டு

பொய் சொன்னது நீர். ஆயுத பூஜைக்கு மறுநாள் உம்முடைய பட்டறையிலிருந்து வெளியே வந்த என் காரின் அடி நட்டுகளை நீர் முறுக்கவில்லை. அது உமக்குத் தெரியும். தெரிந்தும், பழைய கார் வைத்திருப்பவர்களின் கைப்பேசிக் குழுவில், நான் வேகத்தடையில் பறந்து போய் வண்டியை உடைத்தேன் என்று எழுதினீர். கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டீர்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. வண்ணார்பேட்டையில் பைப் கடை வைத்திருக்கிறேன், ரசீதைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. என் கார் போனதற்காகவும் இதை எழுதவில்லை. அன்றைக்கு அந்தப் பட்டறையில் என் காரோடு இன்னும் மூன்று வண்டிகள் நின்றன. அவற்றின் நினைப்பிலேயே, சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

கார் வாங்கியது என் ஆசை. இரண்டு கதவு, தரையோடு தரையாக உட்காரும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், முப்பது வயதுக்கு மேல். புனலூர் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கி, செங்கோட்டை வழியாக நானே ஓட்டி வந்தேன். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. குலுக்கலை வாங்குகிற ஷாக் செத்துப் போயிருந்தது. ரப்பர்களெல்லாம் அப்பளம் மாதிரி வெடித்திருந்தன. என் மனைவி ஒரே ஒருமுறை ஏறினாள். இறங்கும்போது என் தோளைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்கினாள்.

“இது உக்காருத காரு இல்ல, படுக்குத காரு” என்றாள். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவில்லை.

ஏறியது என் அக்கா. அவளை ஏரலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டரிடம் காட்ட வருவாள். கூட்டிக்கொண்டு வருவதும் கொண்டு விடுவதும் என் வேலை. என்னிடம் இருக்கும் கார் அது ஒன்றுதான். அவள் உட்காரப் போகும் வண்டி ஆடக் கூடாது, குலுங்கக் கூடாது என்றுதான் அடிவேலை பார்க்கக் கொடுத்தேன். வேகமாக ஓட்டுவதற்காக அல்ல. குழுவில் நீர் எழுதியதை நம்பியவர்கள் இதைக் கவனிக்கவும்.

பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரர். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய காருக்கு அடிவேலை என்றால் மாவட்டத்தில் எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள். ஊரைத் தாண்டி, நாலுவழிச் சாலைக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். என் வயதுதான். முதல் நாளே காரின் மூக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். அது படகு மாதிரி நான்கு முறை ஆடியது.

“இத ஓட்டிக்கிட்டா மலை எறங்குனீரு? உம்ம வீட்டுல உம்மத் தேட மாட்டாவளா?” என்றார்.

கைப்பேசியில் படங்கள் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு. சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. பட்டறையில் அதை ஆர்ம் என்பார்கள். அந்தக் கை வண்டியோடு சேருகிற இடத்தில் ரப்பர் உருளை ஒன்று இருக்கும், அது புஷ். அந்தப் புஷ்ஷைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் போடச் சொன்னேன். ரேஸ் கார்களில் அதுதான் என்றேன்.

“நீரு ரேஸுக்கா போறீரு? அக்காவ ஏத்திக்கிட்டு ஏரலுக்குப் போறீரு. அதப் போட்டா ரோட்டுல கெடக்க ஒவ்வொரு கல்லும் உம்ம பல்லுல வந்து கேக்கும்வே. ரப்பரே போடுவோம். ஸ்பிரிங்கு மட்டும் கொஞ்சம் வெறப்பா இருக்கட்டும். ஷாக்கு நல்லதா வாங்கும்.”

சரிதான். அவர் சொன்ன சாமான்களையே வரவழைத்தேன். சிவப்புப் பெயிண்ட் அடித்த புது ஆர்ம்கள், நான்கு ஷாக், நான்கு ஸ்பிரிங். பெட்டியைப் பிரித்தபோது கல்யாணச் சேலை பிரிக்கிற மாதிரி இருந்தது. நானே அவற்றைத் துணியால் துடைத்துக் கொடுத்தேன்.

ரப்பர் புஷ்ஷில் ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

“வண்டி மேல தொங்கையில நட்ட இறுக்கப்புடாது. தொங்குத நெலையில இறுக்குனா, கீழ எறக்குனதும் ரப்பரு முறுக்கிக்கிட்டே கெடக்கும். ரெண்டு மாசத்துல கிழிஞ்சிரும். அதனால இப்பம் சும்மா கையால ஏத்தி வைப்பேன். வண்டி நாலு கால்ல நின்னு, வெயிட்டு முழுசும் எறங்கட்டும். குழி மேல நிப்பாட்டி, பொறவுதான் கடைசி முறுக்கு.”

“மறந்துட்டீருன்னா?” என்று கேட்டேன். அப்போது விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். மஞ்சள் பெயிண்ட். “முறுக்கி முடிச்சா நட்டு மேல தீக்குச்சியால ஒரு புள்ளி. புள்ளி இருந்தா ஆச்சு, இல்லன்னா ஆகல. நானே செத்துப் போனாலும் எவன் வந்து பாத்தாலும் தெரியும்லா.”

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இப்படி ஒழுங்காக வேலை செய்கிறவரிடம்தான் கொடுத்திருக்கிறோம் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரை வேலை நடந்தது. கொட்டகையில் நான்கு வண்டிகள் ஸ்டாண்டில் ஏறி நின்றன. என்னுடையது, ஒரு சாம்பல் நிறப் பழைய கார், கூரையில் சாமான் கம்பி வைத்த ஒரு வெள்ளைக் கார், ஒரு பச்சை வேன். நான்கும் அடிவேலைக்கு வந்தவை. நான்கையும் விஜயதசமி அன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் அடுக்கிவிட்டார்கள். அடுக்கிவிட்டால் மறுநாள் பூஜை முடிந்து, அதற்கு மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு நட்டைத் தொட மாட்டார்கள். இங்கே எந்தப் பட்டறையிலும் அப்படித்தான்.

பூஜை அன்று மத்தியானம் நான் போனேன். என் கடையில் பூஜை முடித்துப் பொரியும் கடலையும் கொண்டு போயிருந்தேன். அவர் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்.

“சும்மாதான நிக்கீரு. அந்தச் சந்தனத்த எடுத்து வண்டிக்கெல்லாம் வையும்” என்றார்.

மஞ்சளும் சந்தனமும் கெட்டியாகக் குழைத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. கண்ணாடியில் வைத்தேன், சக்கரத்தில் வைத்தேன், முன்பக்கம் வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் காரின் அடியில் சிவப்பு ஆர்ம்கள் தெரிந்தன. இவ்வளவு ஆசையாக வாங்கியதற்கு ஒரு பொட்டு வைக்க வேண்டாமா என்று தோன்றியது. சாக்கை விரித்து அடியில் போனேன். ஒவ்வொரு நட்டின் தலையிலும் விரலால் ஒரு பொட்டு. மல்லாந்து படுத்திருந்ததால் குங்குமம் கண்ணில் கொட்டும் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

என்னுடையதோடும் நிறுத்தவில்லை. என் வண்டிக்கு மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது என்று மற்ற மூன்றுக்கு அடியிலும் புகுந்தேன். வெளியே வந்தபோது சட்டை முதுகெல்லாம் கிரீஸ். பட்டறைக்காரர் பார்த்துச் சிரித்தார்.

“அடியிலயுமாவே வச்சீரு? சாமிக்குக் கண்ணு அங்கனயும் இருக்குங்கீரா?”

அவருக்குத் தெரியும் என்பதற்கு இது ஒன்றே போதும். நான் அடியில் போனதை அவர் பார்த்தார்.

விஜயதசமி காலையில் பத்து மணிக்குப் போனேன். பூசணிக்காய் உடைத்திருந்தது. வெள்ளைக் காரும் பச்சை வேனும் ஏற்கெனவே போய்விட்டன என்றார். சாம்பல் கார் வாசலில் நின்றது. என் காரை இறக்கிக் குழி மேல் கொண்டுவந்தார்கள். அவர் குழியில் இறங்கி டார்ச் அடித்தார். நான் மேலே இருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் ஒவ்வொரு நட்டாக நகர்ந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சள் புள்ளி. காய்ந்து, கெட்டியாக, பெயிண்ட் மாதிரியே இருந்தது.

“இதெல்லாம் ஆச்சு” என்றார். மேலே ஏறிவிட்டார். அன்றைக்கு அவரிடம் வேறு இரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் யாரோ முறுக்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் ஒன்றும் நினைக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன்.

முதல் நான்கு நாள் கார் ரயில் மாதிரி போனது. ஐந்தாம் நாள் சத்தம் வந்தது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்னால் இடது பக்கம் ஒரு ‘டொக்’. கதவை யாரோ விரல் முட்டியால் ஒருமுறை தட்டின மாதிரி. ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன். அடுத்த நாள் பிரேக் பிடிக்கும்போதும் வந்தது. அவருக்குப் போன் செய்தேன்.

“புதுச் சாமாம்லா. பைய செட் ஆவும். ஓட்டும், ஓட்டும்.”

இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தேன். “உமக்குப் பயம் வந்துட்டு. பயத்துக்கு நான் எந்தப் பார்ட்ஸ மாத்த?” என்றார்.

உண்மைதான், எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைக்குப் போகிற வழியில் எங்கெங்கே வேகத்தடை என்று மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிட்டுத்தான் ஏறினேன். ஒருநாள் கடை வாசலிலேயே சாக்கை விரித்துப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் அடியில் பார்த்தேன். நட்டு இருந்தது. நட்டின் மேல் மஞ்சள் புள்ளி இருந்தது. புள்ளி இருந்தா ஆச்சு. மனம் அடங்கிவிட்டது. அந்தப் புள்ளியை வைத்தது என் விரல் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். அன்றைக்கு அதை ஒரு தரம் கையால் தொட்டிருந்தால் போதும்.

அக்காவை டாக்டரிடம் காட்டிவிட்டு ஏரலுக்குக் கொண்டு விடக் கிளம்பியது ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் அவள் டாக்டரைத் திட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு சத்தம் அவள் காதிலும் விழுந்தது.

“ஏலே, அடியில எவனோ தட்டுதாம்லே. எறக்கி விட்டுரு அவன.”

“புதுச் சாமான்க்கா. செட் ஆவணும்.”

“ஒன்னயச் சொல்லணும். மாமாவுக்க லோடு ஆட்டோ இத விட நல்லாப் போவும். அதுல ஏழு பேரு உக்காரலாம், ஆடும் ஏத்தலாம்.”

நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. சத்தம் இப்போது வேகத்தடை இல்லாத இடத்திலும் வந்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். இருபக்கமும் வாழை, ஒரு பக்கம் வாய்க்கால். முழங்கால் நோகிற அக்காவை வெயிலில் எங்கே நிறுத்தி வைப்பது? இன்னும் கொஞ்ச தூரம்தான், வீட்டில் விட்டுவிட்டுப் பார்ப்போம் என்று மெதுவாக ஓட்டினேன். முன்னால் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போனேன், சைக்கிள் வேகம்தான். பறந்தேன் என்று எழுதினீரே, அதற்காகச் சொல்கிறேன்.

டிராக்டர் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். ‘டொக்’ வரவில்லை. அதற்குப் பதிலாக இரும்பு கிழிகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம். ஸ்டீயரிங் என் கையில் வெறுமனே சுற்றியது. இடது சக்கரம் குறுக்கே மடங்கிவிட்டது. வண்டி தானாக இடது பக்கம் திரும்பி, கரையின் புல்லில் ஏறி, வயிறு தட்டி நின்றது. அக்கா முன்னால் கையை ஊன்றியிருந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. சன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துக் கதவுக்கு வெளியே தரை இல்லை. தண்ணீர்தான் இருந்தது. வாய்க்கால் அந்த வாரம் நிறைய ஓடியது.

“லே, நீ எறங்கிராத” என்றாள். “நீ எறங்குனா இது சாஞ்சிரும்.”

நான் இறங்கினால் வண்டி சாயும். இறங்காவிட்டால் அவளை எடுக்க முடியாது. அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் மடங்காது. கியர் கம்பியைத் தாண்டி என் பக்கமாக வருவதற்கு அவளால் காலைத் தூக்க முடியாது. அவள் கொஞ்சம் அசைந்தாலே பின்பக்கம் மேலே எழும்பியது. நான் இரண்டு கையாலும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் போனால் கூடவே போக வேண்டும் என்றுதான் பிடித்தேனா, அவளை நிறுத்தப் பிடித்தேனா, தெரியாது.

டிராக்டரிலிருந்து தார் ஏற்றுகிறவர்கள் நான்கு பேர் ஓடி வந்தார்கள். மூத்தவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மற்ற மூவரிடம் காரின் பின்பக்கத்தில் ஏறி உட்காரச் சொன்னார். டிக்கியின் மேல் மூன்று ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்கள். எழும்பிய பின்பக்கம் கீழே அமர்ந்தது.

“எம்மா, பயப்படாதிய. இவனுவ ஒருத்தன் ஒருத்தன் எம்புட்டுத் திம்பான்னு எனக்குத் தெரியும். வண்டி எங்கயும் போவாது. பைய வாங்க” என்றார் மூத்தவர்.

முதலில் என்னை இறக்கினார்கள். பிறகு மூத்தவரும் நானுமாக அக்காவை என் பக்கமாக இழுத்தோம். கியர் கம்பி முழங்காலில் இடித்தபோது மட்டும் அவள் ஒரு முறை “அம்மா” என்றாள். ரோட்டில் உட்கார வைத்த பிறகு, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏரலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப் போட்டு, அவள் கணவரான மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பவும் அந்த இடத்துக்குப் போனேன். டிராக்டர் கட்டி காரை ரோட்டில் இழுத்துப் போட்டிருந்தார்கள். இடது பக்க ஆர்மில் போல்ட்டே இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை. வலது பக்கம் பார்த்தேன். போல்ட் இருந்தது, நட்டு இருந்தது, மஞ்சள் புள்ளியும் இருந்தது. நட்டை இரண்டு விரலால் திருகினேன். திரும்பியது. சோடா மூடி மாதிரித் திரும்பியது. புள்ளியை நகத்தால் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் என் விரல் நினைவுக்கு வந்தது. அடுத்து சாம்பல் கார், வெள்ளைக் கார், பச்சை வேன். அங்கேயும் நான்தானே படுத்து வைத்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். சத்தம் போட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். “தப்பு ரெண்டு பேரு மேலயும் இருக்கு. அத விடும். அந்த மூணு வண்டியயும் உடனே கூப்புடும்” என்றேன்.

அவர் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன். பிறகு, “அதெல்லாம் நான் முறுக்குனதுவே” என்றார்.

“எப்பம் முறுக்குனீரு? முந்துன நாளு ஸ்பானர் எல்லாம் எலையில இருந்துச்சு. காலையில ரெண்டு வண்டி நான் வருததுக்கு முந்தியே போயிட்டு.”

“காலையில முறுக்குனேன்.”

“என் வண்டிய மட்டும் விட்டுட்டீரா?”

அவர் கையிலிருந்த துணியை முறுக்கினார். “ஏம் பட்டறையில ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சதால வண்டி உருண்டுச்சுன்னு ஊருல சொல்லுவீரோ? ஒருத்தன் வருவானாவே இங்க? சாமிய வேற இழுக்கீரு.”

“சாமிய நான் இழுக்கல. யாரு வண்டின்னு சொல்லும், நான் போய்ப் பாக்கேன்.”

“அட்ரஸெல்லாம் நான் எழுதி வைக்கதில்ல” என்றார். அன்றைக்குச் சாயங்காலமே குழுவில் அந்தச் செய்தியைப் போட்டார்.

காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். வண்டி எண் கேட்டார்கள். என்னிடம் எண் இல்லை. அடியில் படுத்தவனுக்கு எண் எப்படித் தெரியும்?

பிறகு நானே தேட ஆரம்பித்தேன். வண்ணார்பேட்டையில் கடையில் உட்கார்ந்துகொண்டு, பஸ்களுக்கு நடுவில் போகிற ஒவ்வொரு வெள்ளைக் காரின் கூரையையும் பார்த்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பச்சை வேன் எது போனாலும் எழுந்து வாசலுக்கு ஓடினேன். ஒரு நாள் சாமான் கம்பி வைத்த வெள்ளைக் கார் ஒன்று பாலத்துப் பக்கம் போனது. பின்சீட்டில் யாரோ குழந்தையைத் தோளில் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துரத்தினேன். இரண்டு பஸ் நடுவில் வந்து மறைத்தது. பாலத்தில் ஏறியதா, கீழே போனதா என்று தெரியவில்லை. அதுதானா என்றும் தெரியாது. கடைக்கு வந்து பெரிய பைப் கேட்டவருக்குச் சின்ன பைப்பைக் கொடுத்து அனுப்பினேன்.

சாம்பல் கார் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு வேதக்கோயில் வாசலில், வேப்பமர நிழலில் நின்றது. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் காரை விட்டு நகராமல் நின்றேன். வெள்ளை வேட்டி சட்டையில், வேதப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார்.

“என்ன தம்பி, டயர்ல காத்து இல்லியா?”

சொன்னேன். ஒன்றுக்கொன்று ஒட்டாமல்தான் சொல்லியிருப்பேன். அவர் என் வாயைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் பார்க்கச் சொன்னார். நல்ல உடுப்போடு ரோட்டில் படுத்தேன். ஆறு நட்டில் நான்கு இறுக்கமாக இருந்தன, காலையில் முறுக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கலாம். இரண்டு விரலுக்குத் திரும்பின. அவரையும் குனியச் சொல்லித் திருகிக் காட்டினேன். அவரும் கையை நீட்டி ஒருமுறை திருகிப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எடுக்கேன்” என்றார். “இல்லன்னா நாங்க ரெண்டு பேரும்...” காரின் மறுபக்கம் அவர் மனைவி, ஏறலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். தருகிறேன் என்றார். தந்தார். குழுவில் அதைப் படம் எடுத்துப் போட்டேன். நான் சந்தனம் வைத்ததையும் அதே இடத்தில் எழுதினேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டார் என்று கைப்பேசி காட்டியது. பதில் வரவில்லை. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் ஆள் வெளியே போயிருக்கிறார் என்கிறார்கள்.

உமக்கே சொல்கிறேன். என் காரை நான் கேட்கவில்லை. அக்காவின் கை சேர்ந்துவிட்டது, அதையும் விடும். அவள் இப்போது பஸ்ஸில்தான் வருகிறாள், நின்றுகொண்டே வருகிறாள், அதையும் விடும். நான் குடிகாரன், பறந்தவன், பைத்தியக்காரன் என்று இன்னும் நாலு வரி எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளும்.

சாமான் கம்பி வைத்த வெள்ளைக் கார் யாருடையது? பச்சை வேன் யாருடையது? அதில் யார் ஏறுகிறார்கள்? அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னீரா, இல்லையா? அந்த நட்டுகளை உம் கையால், ஸ்பானர் போட்டு, எந்த நாளில் முறுக்கினீர்? என் காதில் தனியாகச் சொல்ல வேண்டாம். என்னைக் கேலி செய்து எழுதினீரே, அதே குழுவில், எல்லோரும் பார்க்க, உம் பேரைப் போட்டு இன்றைக்கே பதில் எழுதும்.